ஒரு டம்ளர் குறைகிறது

காற்று செத்து ஐந்து நாளாகிவிட்டது. பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு டீசல் இன்ஜினை நம்பித்தான் படகு ஓடுகிறது. தினமும் காலையில் இன்ஜினை ஆறவிட்டு, அதன் சூட்டைத் தணிக்கும் கூலண்டின் மூடியைத் திறந்து பார்ப்பான் கிளாட்வின். தினமும் ஒரு டம்ளர் அளவு குறைந்திருக்கும். மண்டையோட்டுப் படம் போட்ட கேனிலிருந்து, இனிப்பு வாடை அடிக்கும் அந்தப் பச்சைத் திரவத்தை ஊற்றி நிரப்புவான். எங்கே ஒழுகுகிறது என்றுதான் பிடிபடவில்லை. இன்ஜினுக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தான். ஒரு சொட்டுக் கறை இல்லை. ஆயிலிலும் கலக்கவில்லை; அது சுத்தமாக இருந்தது.

அவன் மனைவி அமலோர் மூன்று நாளாக வாந்தியும் தலைசுற்றலுமாகப் படுத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் எந்த அலைக்கும் அசராதவள். கேஸும் ஐந்து நாள் முன்பே தீர்ந்துபோனதால், கூலண்ட் குழாய் உள்ளே சுருண்டு ஓடிச் சூடாக்கும் தண்ணீர்த் தொட்டியில் வெந்நீர் பிடித்து, அவளுக்கு மட்டும் பாலில்லாத டீ போட்டுக் கொடுப்பான். அவனுக்கு டீ பழக்கமில்லை.

இன்றைக்கு அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"சீனி தீந்துட்டுன்னு பொய் சொல்லிட்டு, எனக்கு மட்டும் ஒளிச்சு வச்சுப் போடுதிய, என்ன?" என்று சிரிக்கப் பார்த்தாள். "நானும் அஞ்சு நாளா கண்டுக்கிடாத மாதிரிதான் இருந்தேன்."

சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தவன் அவன்தான். டம்ளரின் அடியில் நின்ற சொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். இனித்தது.

கரைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் டீ தாங்க" என்றாள்.