மேசைக்கு ஒரு கேமரா

"ஒரு மேசையிலயும் கேமரா இல்ல மம்மி. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

கல்யாண விருந்து முடிந்து காலியாகிவிட்ட ரப்பர்த் தோட்டத்து மண்டபத்தின் நடுவே, வெள்ளைக் கவுனை இரு கையாலும் தூக்கிப் பிடித்தபடி ரேச்சல் நின்றாள்.

போட்டோகிராபரே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். விருந்தாளிகள் கைப்பேசியை வெளியே எடுக்கக் கூடாது என்று வாசலில் பலகை வைத்தவளும் அவள்தான். பதிலுக்கு மேசைக்கு ஒன்றாகச் சின்னப் பிலிம் கேமரா வைத்திருந்தாள். பிலிம் தீர்ந்ததும் கழுவக் கொடுத்துவிட்டால் கேமராவுக்கும் ஆயுள் முடிந்தது. எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாது, பிடிக்கவில்லை என்று அழிக்கவும் முடியாது. அதனால்தான் அதில் எல்லாரும் நிஜமாகச் சிரிப்பார்கள் என்பது அவள் கட்சி. இப்போது அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு படம்கூட இல்லை.

அம்மா ஆக்னஸ் நாற்காலி அடுக்குவதை நிறுத்தவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எப்போது வெறுங்கையோடு திரும்பினார்கள், மேசையில் இருந்ததை விருந்தாளிகளுக்குக் கொடுத்தனுப்பும் டோர் கிப்ட் என்று நினைத்திருப்பார்கள் என்றாள். மேசையிலேயே வைத்துவிட்டுப் போகும்படி மைக்கில் சொன்னோமே என்று ரேச்சல் முறையிட்டாள். சாப்பிடுகிற நேரத்தில் மைக்கை யார் கேட்டார்கள் என்றாள் ஆக்னஸ். போன் போட்டுக் கேளுங்கள் என்றதற்கும் அவள் மசியவில்லை.

"கொண்டு போனதைத் திருப்பிக் கேக்க எனக்கு வாய் வராதுலா. நாளைக்கு நீயே வீடு வீடாப் போய்க் கேளு."

திங்கட்கிழமை ரேச்சலும் மாப்பிள்ளை பிரெண்டனும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு விமானம் ஏற வேண்டும். அவனுக்கு அங்கே வேலை. மிச்சம் இருந்தது ஞாயிறு ஒன்றுதான், அதையும் பெட்டி கட்ட ஒதுக்கியிருந்தாள். மாப்பிள்ளையோடு தோட்டத்தில் நாலு வீட்டிலாவது கை நனைத்துவிட்டுப் போ என்று போன வாரம் அம்மா கெஞ்சியபோதுகூட, விருந்துக்கெல்லாம் நேரமில்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஆக்னஸும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் புதுத் தம்பதி கேமரா வேட்டைக்குக் கிளம்பியது.

முதல் வீடு, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்ற ஆறுமுகம் மாமாவுடையது. கேமரா டிவி பக்கத்தில் ராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தது. ரேச்சல் கையை நீட்டினாள். மாமா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் நாலு படம் பாக்கி இருக்கும்மா. வேஸ்ட் பண்ணலாமா? ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுங்க. அதுக்குள்ள எடுத்து முடிச்சுத் தந்துடறேன்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு ஆவி பறக்க வந்தது. பிரெண்டன் எலும்பைக் கடிக்கையில் ஒன்று, ரேச்சல் இலையை மூடுகையில் ஒன்று என்று மாமா ஆற அமர எடுத்தார். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமராவின் சக்கரத்தைக் கட்டைவிரலால் கரகரவென்று திருப்பினார்.

அடுத்தது ரோகினி அக்கா வீடு. நீலாய் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள். கேமரா கிடைத்த குஷியில் பூனை, மோட்டார், கொடியில் காயும் துணி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்திருந்தாள். கல்யாணப் படங்களுக்குப் பிறகுதான் பூனை என்று அவள் சத்தியம் செய்த பிறகே ரேச்சலுக்கு மூச்சு வந்தது. கடைசி ரெண்டு படம் உங்களுக்குத்தான், ஆனால் முதலில் சாப்பாடு என்று அக்கா நண்டுச் சட்டியை இறக்கினாள்.

அம்மா ஓவர்டைம் பார்த்த காலத்தில், பள்ளிவிட்டு வந்து இதே குசினியில்தான் ரேச்சல் சாப்பிட்டாள். நண்டை உடைக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது. இனி எப்போது இங்கே வரப்போகிறோமோ என்று நினைத்தாள். ரொம்பக் காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். சோறு வெந்திருந்தது, பிலிம் மிச்சமிருந்தது. மூன்றாவது வீட்டில் பெல்ட்டைத் தளர்த்திய பிரெண்டன், ஐந்தாவது வீட்டில் அதைக் கழற்றியே விட்டான்.

"உங்க எஸ்டேட்ல டெய்லி இப்படித்தான் சமைப்பாங்களா?" என்று அவள் காதைக் கடித்தான். ஞாயிற்றுக்கிழமை அல்லவா என்றாள் ரேச்சல்.

சாயங்காலம், கோப்பையை ஜெயித்துவந்த ஆட்டக்காரி மாதிரி வீட்டுக்குள் நுழைந்து, பையை மேசை மேல் கவிழ்த்தாள். ஒரு வீடும் விடவில்லை, ஒருவரும் மறுக்கவில்லை என்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டே கேமராக்களை எண்ணினாள். முகம் சட்டென்று சுருங்கியது.

"ஒன்னு குறையுது மம்மி. கேக் வெட்டுன மேசையோடது."

ஆக்னஸ் குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் பிரியாணித் தட்டு இருந்தது, மறு கையில் அந்தக் கேமரா.

"சாப்பிட்டு முடிச்சாத்தான் தருவேன்" என்றாள் தட்டை மகள் முன்னால் வைத்து. "மேசைக்கு ஒன்னா எடுத்துக்கிட்டுப் போங்க, அவ வந்து சாப்பிடாமக் கொடுத்துடாதீங்கன்னு மத்தவங்ககிட்டயும் நான்தானே சொல்லி அனுப்புனேன்."

ரேச்சல் வாயைப் பிளந்துகொண்டு நின்ற கோலத்தைக் கடைசிப் படமாக எடுத்துவிட்டு, ஆக்னஸ் சக்கரத்தைக் கரகரவென்று திருப்பினாள்.