முக்காலியில் தொங்கிய அட்டை

படங்களுக்குச் சட்டம் போடும் எபநேசர் அண்ணன் போன தவக்காலத்தில் எனக்குச் சொன்ன கதை இது.

காலமான ஓர் ஓவியரின் படங்களையும் சாமான்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கண்காட்சி வைத்தார்கள். அதிலிருந்த முக்காலியில், 'ஓவியர் இதில் அமர்ந்தே வரைந்தார்' என்று ஓர் அட்டை தொங்கியது.

"பச்சைப் பொய்! அவர் நின்றுகொண்டுதானே வரைவார்?" என்றது முக்காலி. "அவர் பார்த்து வரைய, நாள் முழுக்க அசையாமல் என்மேல் உட்கார்ந்து கொடுத்தது அவர் சம்சாரம் சவரியம்மா."

"கிடைத்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதே. வாயை மூடு," என்றது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிரஷ்.

நாலாவது ஊரில் சவரியம்மாவே வந்தாள். சுவரெல்லாம் அவளுடைய இளவயசு முகம். ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. கால் கடுக்க நடந்தவள், முக்காலியைக் கண்டதும் உட்காரப் போனாள். 'வா தாயி' என்று அது மூன்று காலையும் ஊன்றிக்கொண்டது.

"தொடாதீங்கம்மா! பெரிய மனுஷர் உட்கார்ந்த இடம்!" என்று காவலாள் ஓடிவந்தான்.

அவள் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அப்படியா சாமி," என்றபடி சுவரோரமாய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பித்தாய், போ," என்றது பிரஷ்.

ஆளே ஏறாத முக்காலிக்கு அன்று மூன்று காலும் வலித்தன.

அண்ணன் சொன்ன கதை இவ்வளவுதான். இந்த பெஞ்சில் நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன். உங்கள் பின்னால் ஒரு அம்மா நெடுநேரமாய் நிற்கிறார்கள்.