கோடிப் பட்டு

அக்கா செத்த வீட்டுக்குப் பிறந்த வீட்டுக் கோடியாகத் தணிகாசலம் கொண்டுபோனது அசல் பட்டு. தெருவே வாயைப் பிளந்தது. பிளக்கட்டும் என்றுதானே வாங்கினார். பிணத்தின் மேல் போர்த்தும்போது, முந்தானை ஓரத்தில் கடைக்காரர்கள் கோத்திருந்த ரேடியோ சிப் டேக்கை அக்கா மகள் அறுக்கப் போனாள்.

"அதுல கை வைக்காத. அப்படியே இருக்கட்டும்."

"அம்மாவுக்கு உறுத்தும் மாமா."

"செத்தவளுக்கு என்ன உறுத்தப்போகுது?"

சுடுகாட்டில் சேலையோடு எரிக்க விடவில்லை. உருவி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். மறுநாள் கடையில் விற்பனைப்பெண் சேலையின் மேல் கருவியைக் காட்டினாள். டேக் அறுபடாததால் பச்சை விளக்கு எரிந்தது. புதுச்சேலை என்று அர்த்தம். பன்னீர் வாசனையெல்லாம் கருவிக்குத் தெரியாது.

"ஏன் சார் திருப்புறீங்க?"

"எங்க அக்காவுக்குப் பிடிக்கலம்மா."

அவள் அதை முகூர்த்தப் பட்டுகளோடு அடுக்கினாள். பணம் வரும்வரை தணிகாசலம் கடை கொடுத்த காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணப்பெண் அதே சேலையை எடுத்துத் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் தயங்கி நின்றாள்.

"யோசிக்காம எடுத்துக்கம்மா," என்றார் தணிகாசலம். "ராசியான பட்டு."