லைப்போமா மாப்பிள்ளை

சித்தூர் ஆந்திராவோடு சேர்ந்த மறு வருடம், நகரி நெசவாளி வேதாச்சலம் பிச்சாட்டூருக்குப் பெண் பார்க்கப் போனான். திருப்பதியில் மொட்டை போட்டிருந்ததால் பின்தலைக் கட்டி எலுமிச்சம்பழம் போல் தெரிந்தது.

"புத்துநோயா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினேன் மாமா. லைப்போமாவாம். வெறும் கொழுப்புன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

பெண்ணின் அப்பா முனிரத்தினம் நெளிந்தார். "தெரியும்பா. ஆனா பொண்ணை ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாமே."

"கட்டி புடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க" என்று எழுந்தான் வேதாச்சலம்.

உள்ளேயிருந்து தாட்சாயணி வந்து முக்காட்டை விலக்கினாள். அவள் தலையும் மொட்டை.

"தரகரு கட்டின்னு சொன்னாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு நானும் வேண்டிக்கினேன்."

வேதாச்சலம் மறுபடி உட்கார்ந்தான்.

"ஒரு கட்டிக்கு ரெண்டு பேரு முடியா? பெருமாள் நல்லாத்தான் யாவாரம் பண்றாரு."