மூத்த மகனின் பாத்திரப் படைப்பு

காலையிலிருந்து இருபத்திரண்டாவது தடவையாகக் கிழவர் கண்ணைத் திறந்து, "வந்துட்டியாலே" என்றார்.

முத்துராமலிங்கம் பத்துக்கு ஏழு போட்டுவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தார்.

தென்காசியில் ஒரு கல்லூரி ஹாலில் விடைத்தாள் திருத்தும் முகாம். ஜன்னலுக்கு வெளியே சாரல். கேள்வி இதுதான்: மூத்த மகனின் பாத்திரப் படைப்பை ஆராய்க.

நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல். வில்வண்டிக் காலத்துக் கதை. சாகக் கிடக்கிற தகப்பன், வெளியூரில் இருக்கிற மகன்.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். மகன் பாசமிக்கவன், கடமை தவறாதவன், கடைசி மூச்சுக்கு முன்னால் ஓடி வந்து சேர்ந்தவன். தகப்பன் கண்ணைத் திறந்து, "வந்துட்டியாலே" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுகிறார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அந்த நாவலில் மகன் வரவே மாட்டான்.

அவனை வரவழைத்தது முத்துராமலிங்கம்தான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பதிப்பகத்தார் அவரைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் உட்கார வைத்து, இந்த நாவலுக்குக் கைடு எழுதச் சொன்னார்கள். அட்டையில் 'பேராசிரியர் குழு' என்று போட்டார்கள். குழுவின் தலைவர், உறுப்பினர்கள், கீழே இறங்கிப் போய் டீ வாங்கி வருகிறவர் எல்லாமே அவர்தான்.

நாள் முழுக்க அருவி இரைச்சல், காயாத தலையணை, கொசு, செங்கோட்டை வீட்டிலிருந்து போன் என்று மூன்று தடவை கதவைத் தட்டிய மேனேஜர். இத்தனை இடைஞ்சலுக்கு நடுவிலும் கடைசி அத்தியாயம் தவிர மற்றதையெல்லாம் சுருக்கி முடித்துவிட்டார்.

பிறகு சில நாள் வேலை நின்றது. திரும்பி வந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் புத்தகத்தைத் திறக்காமலே எழுதினார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. கைடைப் படித்துப் பாஸானவர்கள் வாத்தியார்களானார்கள். வாத்தியார்கள் விடைக்குறிப்பு தயாரித்தார்கள். 'தந்தையின் இறுதி நேரத்தில் மகன் வந்து சேர்தல்' என்று இப்போது அதிலேயே அச்சில் வந்துவிட்டது. சொந்தப் பெயரில் எழுதிய இரண்டு கவிதைத் தொகுப்பும் பரணில் கிடக்க, பெயர் போடாமல் எழுதிய ஒரு பொய் இந்த அளவுக்கு முன்னேறியதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வரும்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு.

கையெழுத்து மாறும், மை மாறும். கிழவரின் குரல் மட்டும் மாறாது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். நாவலில் கிழவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. கைடிலும் கிடையாது.

இருபத்துமூன்றாவது பேப்பரில் கிழவர் பேசவில்லை.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

கோணல் மாணலான எழுத்து. மற்ற கேள்விகளெல்லாம் அரையும் குறையும். இந்தக் கேள்விக்கு மார்க் விழுந்தால்தான் பிள்ளை பாஸ்.

'மகன் வரவில்லை. தந்தை வாசலைப் பார்த்தபடியே இறந்து போகிறார். ஆனால் மகன் கெட்டவன் என்று நாவலில் எங்கும் சொல்லவில்லை. கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பான். அதுவரை அப்பா இருப்பார் என்று நம்பியிருப்பான்.'

யாரோ ஒரு பிள்ளை கைடு வாங்காமல் புத்தகத்தையே படித்துத் தொலைத்திருக்கிறது.

விடைக்குறிப்புப்படி இதற்குப் பூஜ்யம். மார்க் போடுவதென்றால், விடைக்குறிப்பு தப்பு என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தலைமைத் தேர்வாளரிடம் கொடுக்க வேண்டும். பேராசிரியர் குழு கையெழுத்துப் போட முடியாது. முத்துராமலிங்கம்தான் போட வேண்டும்.

மகன் வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூடப் பிழையில்லாமல் எழுதிவிடும். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர் பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, மூக்குக்கண்ணாடியை வேறு துடைத்தார்.

பிறகு எழுதினார். 'மூலநூலில் மகன் வரவில்லை. விடைக்குறிப்பு தவறு. அதை நம்பி எழுதிய பிள்ளைகளுக்கும் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.'

கீழே முழுப் பெயர். பேப்பரில் பத்துக்குப் பத்து.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஷஹானா தாளை எட்டிப் பார்த்தாள். கடையநல்லூர்க்காரி. வாத்தியார் வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"நெசமாவே வரலியா சார்? பி.ஏ. படிக்கையில கைடுல அந்த இடத்தப் படிச்சிட்டு அழுதிருக்கேன். எங்க வாப்பா அப்ப துபாய்ல."

"வரலம்மா. மூணு தடவ சொல்லி விட்டாவ. பஸ் கிடைக்கலன்னுட்டான்."

ஷஹானா சிரித்தாள். "வில்வண்டிக் காலத்துல ஏது சார் பஸ்?"

கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் செங்கோட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போயிற்று. அது போன கொஞ்ச நேரத்திலேயே பின்னால் இன்னொன்று.

முத்துராமலிங்கம் அடுத்த பேப்பரைப் பிரித்தார்.

கிழவர் கண்ணைத் திறந்தார்.