இத்தாலிக்காரி

மிஸிஸ் ஹார்ட்லி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் பிறஷர் பார்க்கும் பட்டியோடு கட்டிலருகே நின்றேன்.

அந்த இத்தாலிக்காரப் பெண்ணை அனுப்பு என்றாள். கோபமாக அல்ல, புடவைக்கடையில் வேறு நிறம் எடுத்துக்காட்டச் சொல்வதுபோல.

எங்கள் வார்ட்டில் இத்தாலிக்காரி எவளும் இல்லை. அவள் கேட்டது விமலாவை. சாவகச்சேரியில் பிறந்து, தேவாரம் பாடமாக்கி வளர்ந்த விமலாதேவியை.

1976இல் அந்த மெல்பேர்ன் ஆஸ்பத்திரியில் வெள்ளையர் அல்லாத நேர்ஸ்மார் கொஞ்சப் பேர்தான். எங்கள் வார்ட்டில் இரண்டு பேர். ஹார்ட்லிக் கிழவிக்குத் தெரிந்தது ஒருத்தி. அது நான்.

விமலா நல்ல வெள்ளை நிறம். ஒருநாளும் தான் இத்தாலி என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லண்டனில் ஒன்றாகப் படித்தோம். இங்கே ஒரே சம்பளம், ஒரே நீல யூனிபோம். ஆனால் ட்ராமில் அவள் பக்கத்து இருக்கைதான் முதலில் நிரம்பும். என் பக்கத்து இருக்கை இறங்கும்வரை காலியாகவே வரும். இறைச்சிக்கடைக்காரன் அவளிடம் பெயர் கேட்டான். என்னிடம் எந்தக் காட்டிலிருந்து வந்தாய் என்று கேட்டான்.

கிழவிமேல் வந்த ஆத்திரத்தைவிட விமலாமேல் வந்த பொறாமைதான் பெரிது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

விமலா வந்தாள். கிழவி தானாகவே கையை வெளியே எடுத்து நீட்டினாள். விமலா பட்டியைச் சுற்றினாள்.

நான் போயிருக்கலாம். போகவில்லை. இவளுடைய இத்தாலியை இன்றைக்கே முடித்துவிடுவது என்று நின்றேன். அந்த அறையில் கறுப்பியாக நிற்க எனக்கு ஒரு துணை வேண்டும்.

வேண்டுமென்றே தமிழில் உரத்துக் கேட்டேன்.

"விமலா, பின்னேரம் வரேக்க மீன் வாங்கிக்கொண்டு வாறியோ?"

விறைத்துப்போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓம் அக்கா, வாங்கியாறன்."

கிழவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. உனக்கு எவ்வளவு நல்ல மனசு, இவர்களுடைய பாஷையைக்கூடப் படித்து வைத்திருக்கிறாயே என்று விமலாவின் தோளைத் தட்டினாள்.

விமலாவுக்கு வழக்கமான சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்துவிட்டது. இவள் என் கூடப்பிறந்தவள், எங்கள் இருவருக்கும் ஒரே அம்மா, ஒரே அப்பா என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

உண்மைதான். நான் அவளைவிட இரண்டு வயது மூத்தவள்.

கிழவி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்ல பகிடி என்றாள். அடுத்த கட்டில்காரியைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னாள். அவளும் சிரித்தாள்.

பிறகு விமலாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டாள்.

விமலா என்னைப் பார்த்தாள். கையை உருவவில்லை.

அவளிடத்தில் இருந்திருந்தால் நானும் உருவியிருக்க மாட்டேன்.