ஒரு வயதுக்கான ஊசி

தடுப்பூசி அறைக்கு வெளியே குழந்தைகளின் அழுகை காதைப் பிளந்தது. பஸ் டிரைவர் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் அட்டையோடு பெஞ்சின் ஓரத்தில் ஒண்டியிருந்தார்.

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"பேரனுக்கு ஊசியாண்ணே?"

யாராவது அவரிடம் வாய்விட்டுப் பேசி மாசக்கணக்காகிறது. இல்லையென்று சொல்லி அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"ம்."

"என்ன வயசு?"

"போன வாரம் ஒரு வருஷம் முடிஞ்சுது."

"முடி வந்துடுச்சா?"

"இப்பதான் முளைக்குது."

"இவனுக்குத் தொட்டதுக்கெல்லாம் சளிண்ணே."

"அங்கயும் அதே கதைதான். ஆறு மாசம் வீட்டை விட்டு வெளியவே விடலை."

"யாரு பாத்துக்கிறா?"

"நான் ஒருத்தன்தான்மா."

அவள் உச்சுக்கொட்டினாள். "பாவம், தனியாளா! ஆமா, குழந்தை எங்க?"

அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து, "டிரைவர் சார், வாங்க. சட்டைக் கையை மடிச்சுக்குங்க" என்றாள்.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"குழந்தை நான்தான்மா. ரத்தப் புற்றுநோய்னு போன வருஷம் எலும்பு மஜ்ஜை மாத்தினாங்க. சின்ன வயசுல போட்ட தடுப்பூசியெல்லாம் அதோட போச்சு. மறுபடி முதல்லேருந்து போட்டுக்கணும்."

உள்ளே ஊசியைப் போட்டுவிட்டு நர்ஸ் சிரித்தாள். "இன்னிக்கு வந்ததுல அழாத குழந்தை நீங்க ஒருத்தர்தான்!"

டிரைவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அழுதா தூக்கி வெச்சுக்க ஆள் வேணாமா சிஸ்டர்?"